எந்த பிரவுசர் நல்லது? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இணையப் பாரம் நிரப்பித் தருவது என் வேலை. எஸ்டிஆர் உதவித்தொகை, வருமானவரி, ஊழியர் சேமநிதி என்று வருகிறவர்கள், பாரம் முடிந்ததும் போனை நீட்டி இன்னொன்றும் கேட்பார்கள். பெரும்பாலும் அது பிரவுசரைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இங்கே அதிகம் பேர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்பதால் அதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கண்ணே, எதைப் போடலாம்?

இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, வருமானவரி, எஸ்டிஆர், சேமநிதி எல்லாவற்றுக்கும் போனோடு வரும் குரோம். அதில் வேறு எதையும் திறக்க வேண்டாம். செய்தி, சமையல் குறிப்பு, ராசிபலன், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க், மனம் போன தேடல் எல்லாவற்றுக்கும் பயர்பாக்ஸ். அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு விஷயம் ஓர் இடத்தில், ஊர் சுற்றுவது வேறோர் இடத்தில். முழுப் பக்கத்தையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலே பாதித் தொல்லை குறையும்.

குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாம் வேறு வேறா, ஒன்றேதானா?

உள்ளே ஓடுவது ஒன்றேதான். கூகுள் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்டிருக்கும் குரோமியம் என்ற மூல நிரலை வைத்துத்தான் எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார்கள். நம் பெரோடுவா கஞ்சில் உள்ளுக்குள் டைஹாட்சு மீராவாக இருந்ததைப் போலத்தான் இதுவும். சொந்த எஞ்சின் வைத்திருந்த மைக்ரோசாப்ட்கூட அதை விட்டுவிட்டு 2020 ஜனவரியில் எட்ஜைக் குரோமியத்துக்கு மாற்றிக்கொண்டது. தனி எஞ்சினோடு நிற்கும் பெரிய பிரவுசர்கள் இரண்டு. ஒன்று ஆப்பிளின் சபாரி, மற்றது மொசில்லாவின் பயர்பாக்ஸ்.

அதனால் குரோமிலிருந்து எட்ஜுக்கு மாறினால் வேகம் பறந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாறுவது யார் உங்கள் விவரத்தைப் பார்க்கிறார்கள், என்னென்ன வசதி தருகிறார்கள் என்பதுதான்.

சரி, வேகத்தில் எது முதல்?

பிரவுசர் வேகத்தை அளக்க ஸ்பீடோமீட்டர் என்ற ஒரு சோதனை இருக்கிறது. அதன் மூன்றாம் பதிப்பை 2024 மார்ச்சில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா நான்கும் சேர்ந்தே வெளியிட்டன. போட்டிக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட சோதனை என்பதால் அதை நம்பலாம். ஆனால் புதுப் பதிப்பு வர வர இடம் மாறிக்கொண்டே இருக்கும், அந்த வித்தியாசம் நம் கைக்குத் தெரியவும் தெரியாது.

நம் ஊரில் வேகத்தைக் கெடுப்பவை வேறு. முதலாவது லைன். லயத்துக்குள்ளே ஒரு கோடு, வாசலுக்கு வந்தால் இரண்டு கோடு என்று இருக்கும் இடத்தில் எந்த பிரவுசரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, போனில் இடம் நிறைந்துவிடுவது. குடும்பக் குழுவில் வந்த காணொலிகளே பல ஜிபி பிடித்து வைத்திருக்கும், அவற்றை அழித்தாலே போன் மூச்சுவிடும்.

மூன்றாவதுதான் பெரியது, விளம்பரம். செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தலைப்பு வரும், முதல் பத்தி வரும். படிக்கத் தொடங்கும்போது மேலிருந்து ஒரு விளம்பரம் இறங்கி எழுத்தையெல்லாம் கீழே தள்ளும். பக்கத்தை நகர்த்தக் கட்டைவிரலை வைத்தால், அந்த இடத்தில் இப்போது ‘உடனடிக் கடன்’ வந்து நிற்கும். விரல் அதில் பட்டு இன்னொரு பக்கம் திறக்கும். திரும்பி வருவதற்குள் கீழே ஒரு காணொலி தானாக ஓடத் தொடங்கியிருக்கும். நீங்கள் கேட்டது நாலு பத்தி எழுத்து. வந்து இறங்கியதில் பெரும்பகுதி நீங்கள் கேட்காதது, அதற்கான டேட்டாவும் உங்கள் டாப்அப் காசிலிருந்து போகிறது.

விலை குறைந்த போனில், ஒன்றும் சேர்க்காத பயர்பாக்ஸ் குரோமைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் தெரியும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் யுபிளாக் ஆரிஜின் போட்டுவிட்டு அதே செய்திப் பக்கத்தைத் திறந்தால் பயர்பாக்ஸ் முந்திவிடும். விளம்பரம் வந்து சேர்வதே இல்லை என்பதுதான் காரணம்.

அந்தத் தடுப்பைக் குரோமிலேயே போட முடியாதா?

போனில் முடியாது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலைச் சேர்க்கவே வழியில்லை. கணினிக் குரோமில் சேர்க்கலாம், ஆனால் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியதில் பழைய யுபிளாக் ஆரிஜின் 2024-லிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கிடைப்பது ‘லைட்’ என்ற இளைத்த பதிப்பு. அதுவும் ஒன்றுமில்லாததற்கு நல்லதுதான். பயர்பாக்ஸில் கணினி, போன் இரண்டிலும் முழுப் பதிப்பே ஓடுகிறது.

போடும் முறை: பயர்பாக்ஸில் மூன்று புள்ளியைத் தட்டி எக்ஸ்டென்ஷன்ஸ் போங்கள், யுபிளாக் ஆரிஜின் பட்டியலிலேயே இருக்கும், பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டுங்கள். வேறு எக்ஸ்டென்ஷன்களைக் கண்டபடி சேர்க்காதீர்கள். நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்கும் அனுமதி பலவற்றுக்கு உண்டு. காசு விஷயத்துக்குத் தனி பிரவுசர் வையுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரோம் நம் விவரத்தையெல்லாம் எடுக்கிறது என்கிறார்களே, உண்மையா?

இதில் இரண்டு ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஆள் கூகுள். அதன் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம். போனை வாங்கிய அன்றே கூகுள் கணக்கில் நுழைந்துவிடுகிறோம், அப்புறம் தேடுவது, யூடியூபில் பார்ப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கூகுள் கணக்கின் பக்கத்தில் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்தலாம், பழையதை அழிக்கலாம், மூன்று மாதத்துக்கு மேல் பழையது தானாக அழியும்படியும் வைக்கலாம்.

இரண்டாவது ஆள், உங்களுக்குப் பெயரே தெரியாத விளம்பர நிறுவனங்கள். ஒரு தளத்தில் பழைய மோட்டார் விலை பார்க்கிறீர்கள். மறுநாள் தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் அதே மோட்டார் ஓரத்தில் நிற்கிறது. இரண்டு தளத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டிலும் விளம்பரம் வைத்திருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர், உங்கள் பிரவுசரில் குக்கி என்ற சின்ன அடையாளத்தைப் போட்டுவிட்டு, போகும் இடமெல்லாம் அதைப் படித்துக்கொண்டு வருகிறார்.

இதைத் தடுப்பதில்தான் பிரவுசர்களின் குணம் தெரிகிறது. பயர்பாக்ஸ் 2019-இல் தெரிந்த வேவுக் குக்கிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் பூட்டி வைக்கிறது. சபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் ஆள் குக்கிகளை முழுக்க நிறுத்தியது. பிரேவ் தொடக்கத்திலிருந்தே தடுக்கிறது. கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளில் குரோமிலிருந்து அவற்றை எடுத்துவிடுவோம் என்று அறிவித்தது. பிறகு தள்ளிப்போட்டது, மீண்டும் தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நாமே தடுக்கலாம்: குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்ட் பார்ட்டி குக்கீஸ், அதில் பிளாக்.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதா?

யாருக்குத் தெரியக்கூடாது என்பதைப் பொறுத்தது.

இன்காக்னிட்டோ போனில் தடயம் விடாது. அதன் டேப்களை எல்லாம் மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கியும் போய்விடும். ஆனால் லைன் தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியலாம். போன தளத்துக்கும் தெரியும். உள்ளே போய்க் கூகுள் கணக்கில் நுழைந்தால் கூகுளுக்கும் தெரியும். இறக்கிய கோப்பு போனிலேயே இருக்கும். இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் கூகுள் தகவல் சேர்த்தது என்று அமெரிக்காவில் 2020-இல் வழக்குப் போட்டார்கள். அந்தத் தகவல்களை அழிக்கக் கூகுள் 2024 ஏப்ரலில் சம்மதித்தது, அழிக்க வேண்டியவை கோடிக்கணக்கான பதிவுகள். இன்காக்னிட்டோவைத் திறந்ததும் வரும் விளக்கத்தையும் திருத்தியது.

ஆக, நிறுவனங்களிடமிருந்து ஒளிய அது உதவாது. ஆனால் தோட்டத்து வீடுகளில் பல இடத்தில் ஒரே போனைத்தான் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே இன்காக்னிட்டோ உண்மையிலேயே பெரிய உதவி. வீட்டில் அடி வாங்கும் பெண் ஒருத்தி உதவி தேட வேண்டுமானால், சாதாரண டேப்பில் தேடினால் அந்தத் தேடல் அப்படியே கிடக்கும். அடுத்த முறை கணவர் முதல் எழுத்தைத் தட்டும்போதே அது மேலே வந்து நிற்கும். அப்படிப்பட்டவர்கள் இன்காக்னிட்டோவில் தேடுங்கள், முடிந்ததும் மேலேயுள்ள அறிவிப்புப் பட்டையை இழுத்து, இன்காக்னிட்டோ டேப்கள் அனைத்தையும் மூடும்படி அங்கேயே இருப்பதைத் தட்டுங்கள். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999. அழைத்தால், போனின் அழைப்புப் பட்டியலிலிருந்தும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். பிரவுசர் அதைச் செய்து தராது. நம்பிக்கையான தோழியின் போன் கிடைத்தால் அதில் தேடுவது இன்னும் பாதுகாப்பு.

“உங்கள் போனில் 13 வைரஸ்” என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. பிரவுசரை மாற்றினால் போகுமா?

மாற்ற வேண்டாம், அது வைரஸும் இல்லை. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம் ‘அலவ்’ தட்டினால்தான் காணொலி ஓடும் என்று சொல்லியிருக்கும், வீட்டில் யாரோ தட்டியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளத்துக்கு உங்கள் போனில் அறிவிப்பு அனுப்பும் உரிமை வந்துவிட்டது. எங்களிடம் வரும் புகாரில் மிகவும் சகஜமானது இது. பெரியவர்கள் பயந்துபோய் அந்த அறிவிப்பைத் தட்டி, ‘கிளீனர்’ என்று ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள், அங்கேதான் உண்மையான ஆபத்து தொடங்கும்.

செய்ய வேண்டியது: குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். பெயர் புரியாததையெல்லாம் நீக்குங்கள். அப்புறம் மேலே உள்ள பொத்தானையே அணைத்துவிடுங்கள். எந்தத் தளமும் இனிக் கேட்காது.

பயர்பாக்ஸை இவ்வளவு சொல்கிறீர்களே, அதில் குறையே இல்லையா?

இருக்கிறது. மொசில்லா லாப நோக்கமற்ற அமைப்பின் கீழ் இருந்தாலும் அதன் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை முதல் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம்தான். 2025 பிப்ரவரியில் புதிய பயன்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தபோது, உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற பழைய வாக்கியத்தைத் தன் பக்கத்திலிருந்து எடுத்தது. சில இடங்களின் சட்டம் ‘விற்பனை’ என்பதற்கு மிக விரிவான பொருள் தருகிறது என்று விளக்கம் சொல்லி, எதிர்ப்புக்குப் பின் விதிகளின் வாசகத்தைத் திருத்தியது. எனக்கு அது வருத்தம்தான். இருந்தாலும் வேவுத் தடுப்பையும் முழு யுபிளாக்கையும் போனில் சேர்த்துத் தரும் பெரிய பிரவுசர்கள் மிகக் குறைவு. சில பாரத் தளங்கள் பயர்பாக்ஸில் முரண்டு பிடிக்கும், அப்போது குரோமில் திறங்கள்.

பிரேவ்?

எக்ஸ்டென்ஷன் தேடிப் போடத் தெரியாதவர்களுக்கு நல்லது. தடுப்பு உள்ளேயே இருக்கிறது, போட்டவுடன் வேலை செய்யும். ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது. 2020-இல் கிரிப்டோ நாணயத் தள முகவரியைத் தட்டும்போது தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்துவிட்டதாகப் பிடிபட்டு, மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார்கள். கிரிப்டோ, பரிசுப் புள்ளி சமாச்சாரங்களைச் செட்டிங்ஸில் அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது சபாரி அல்லது பிரேவ். இங்கே விற்கும் ஐபோன்களில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சபாரியின் எஞ்சின்தான், பயர்பாக்ஸ் போட்டாலும் யுபிளாக் வராது.

டேட்டா மிச்சம் பிடிக்க ஓபரா மினி போடலாமா? யூசி?

ஓபரா மினியின் ‘எக்ஸ்ட்ரீம்’ முறை பக்கத்தை ஓபராவின் சர்வரில் சுருக்கித்தான் அனுப்புகிறது. அதாவது நீங்கள் பார்ப்பது அவர்கள் வழியாகப் போகிறது. செய்தி படிக்கப் பரவாயில்லை, வங்கிக்கு வேண்டவே வேண்டாம். ஓபரா 1990-களில் நார்வேயில் பிறந்தது, 2016-இல் அதைச் சீன முதலீட்டாளர் குழு வாங்கியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

யூசி பிரவுசர் வேண்டாம். பயன்படுத்துபவரின் விவரங்களைச் சரியான மறைகுறியாக்கம் இல்லாமல் அது அனுப்புவதை டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-இல் கண்டுபிடித்தது. இந்தியா 2020 ஜூனில் அதைத் தடை செய்தது.

இலவச விபிஎன்?

வேண்டாம். லைன் கம்பெனி பார்ப்பதை மறைக்க, முன்பின் தெரியாத இன்னொரு கம்பெனியிடம் எல்லாவற்றையும் கொடுப்பதுதான் அது.

போகும் தளத்தின் பெயரை ஓரளவு மறைக்க வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. ஒரு முகவரியைத் தட்டியதும் அது எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ் சர்வரைப் போன் கேட்கும். 2024 செப்டம்பரில் நம் நாட்டில், கூகுள், கிளவுட்பிளேர் போன்றவற்றின் டிஎன்எஸ்-ஐக் கேட்டாலும் உள்நாட்டு நிறுவனத்தின் சர்வருக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி உத்தரவிட்டது. மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள், சில நாளில் அது நிறுத்தப்பட்டது. அந்தக் கேள்வி பதிலைப் பூட்டி அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற பெயரில் போனிலேயே இருக்கிறது.

கணினியில் எட்ஜ்தான் வருகிறது. அதை வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். ஷாப்பிங் கூப்பன், செய்திக் குப்பை எல்லாவற்றையும் அணைக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிரைவசியில் குரோமைவிடப் பெரிதாக உயர்ந்ததில்லை, கூகுளுக்குப் பதில் மைக்ரோசாப்ட், அவ்வளவுதான்.

ஆனால் எட்ஜில் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாசித்துக் காட்டும். குரல் பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழோடு மலேசியத் தமிழும் தனியாக இருக்கிறது, கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள். கண் மங்கிய பாட்டிக்கு, படிக்கத் தெரியாத தாத்தாவுக்குச் செய்தியைக் கேட்கவைக்க இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்தால் இன்னும் தெளிவாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தக் குரல் இணையத்திலிருந்து வருகிறது, அதனால் வாசிக்கும் எழுத்தும் அங்கே போகிறது. மருத்துவமனைக் கடிதம், வங்கிக் கடிதம் போன்றவற்றை அதில் வாசிக்கவிடாதீர்கள்.

என் போன் பழசு. அதே குரோம் ஓடுகிறதே, போதாதா?

ஓடுவது வேறு, அப்டேட் வருவது வேறு. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139 முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். 8, 9 வைத்திருப்பவர்களுக்கு 138-ஓடு நின்றுவிட்டது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அந்தப் போனில் திறந்தே கிடக்கும். அப்படிப்பட்ட போனில் இப்போதைக்கு பயர்பாக்ஸ் போடலாம், வங்கி வேலை மட்டும் வீட்டில் புதிய போன் வைத்திருப்பவரிடம். விண்டோஸ் 7 கணினிக்குக் குரோம் 109-ஓடு முடிந்துவிட்டது. எந்த பிரவுசர் என்று யோசிப்பதற்கு முன் பிளே ஸ்டோரில் அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் நின்றுபோன நல்ல பிரவுசரைவிட அப்டேட் வரும் சுமாரான பிரவுசர் மேல்.

முகவரியில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம்தானே?

நம்பக்கூடாது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் பூட்டுக்கு அர்த்தம், அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியர் என்று அர்த்தமில்லை. மோசடிக்காரரும் அதை இலவசமாகவே வாங்கலாம். பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் படத்தையே மாற்றியது.

எஸ்டிஆர் விண்ணப்ப நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்குகளைப் பாருங்கள், நிறமும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும். முகவரியின் முடிவைப் பாருங்கள். ‘https://’ போக, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் ‘டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிய வேண்டும். நடுவில் ஜிஓவி வந்து வேறு எதிலோ முடிந்தால் அது பொய். லிங்கைத் தட்டாமல், உண்மையான முகவரியைக் குரோமில் புக்மார்க் செய்து அதையே திறங்கள். ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் போடும் கோப்பு) இறக்கச் சொன்னால் உடனே மூடுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், வங்கிக்கும், மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் அந்த நிமிடமே அழையுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

பயர்பாக்ஸ் போட்ட பிறகு குரோமை அழித்துவிடலாமா?

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் அழிக்க முடியாது, முடக்கத்தான் முடியும். அதுவும் வேண்டாம், காசு விஷயத்துக்கு அது வேண்டுமே. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: போனின் செட்டிங்ஸில் ‘டீபால்ட் ஆப்ஸ்’ போய் பிரவுசர் ஆப் என்ற இடத்தில் பயர்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் யார் எந்த லிங்கை அனுப்பினாலும் அது தடுப்பு உள்ள பயர்பாக்ஸில்தான் திறக்கும், உங்கள் வங்கி இருக்கும் குரோம் பக்கம் போகாது. எப்படியென்று தெரியாவிட்டால் கடைக்கு வரும்போது சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.